ஜூன் 30-ல் ரிட்டையர்மென்ட், ஜூலை 1-ல் இன்கிரிமென்ட்: ஒரே நாளில் பென்ஷன் எவ்வளவு மாறும்?

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் இரண்டு பேர் ஒரே நாளில், ஜூன் 30-ல், ஓய்வு பெறுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியர். மாநில அரசு ஊழியர். மற்றவர் தபால் துறை, மத்திய அரசு. இருவருக்கும் அடுத்த இன்கிரிமென்ட் ஜூலை 1. அதற்கான ஒரு வருஷ வேலையை முழுசாகப் பார்த்தாச்சு. ஆனால் உயர்வு வரும் நாளில் இருவரும் பணியில் இல்லை. அது பென்ஷனில் சேருமா?

எவ்வளவு பணம்?

பழைய ஓய்வூதியத் திட்டத்தில், முழுப் பணிக்காலம் இருந்தால், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன். அடிப்படைச் சம்பளம் 70,000 ரூபாய் என்றால் 3 சதவீத இன்கிரிமென்ட் 2,100. பென்ஷனில் மாதம் 1,050 ரூபாய் கூடும். அதன் மேல் அகவிலைப்படி தனி. ஆயுசுக்கும் வரும் தொகை இது.

இந்தச் சிக்கலில் மாட்டுபவர்கள் நிறைய. ஓய்வு வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு. 1-ம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதக் கடைசி. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாகப் போட்ட ஜூன் மாதப் பிறந்த தேதியோடு வேலைக்கு வந்த தலைமுறை நம் ஊர்களில் சின்னது இல்லையே!

ஆசிரியருக்கு என்ன?

தமிழ்நாட்டில் சேர்ந்த காலாண்டைப் பொறுத்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1-ம் தேதிகளில் இன்கிரிமென்ட். ஓய்வுக்கு மறுநாள் வரவேண்டிய இன்கிரிமென்ட்டை ஓய்வூதியப் பலன்களுக்கு மட்டும் கணக்கில் சேர்க்கலாம் என நிதித்துறை 2014 டிசம்பர் 31-ல் அரசாணை எண் 311-ஐ வெளியிட்டது. ஆக, ஆசிரியருக்குப் பிரச்சினை தீர்ந்தது.

தபால் ஊழியருக்கு?

இங்கேதான் இழுத்தது. 2013 ஜூன் 30-ல் ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி அய்யம்பெருமாள் தொடுத்த வழக்கில், 2017 செப்டம்பர் 15-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன் பலன் அவரோடு நின்றது. மற்றவர்களும் தனித்தனியாகக் கோர்ட் ஏறினார்கள். 2023 ஏப்ரல் 11-ல் கர்நாடக மின் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், உழைத்த வருஷத்துக்கான உயர்வை மறுக்கக் கூடாது என்றது.

ஆனால் தேதி மறுபடி குறுக்கே வந்தது. வழக்குப் போடாதவர்களுக்கு உயர்த்திய பென்ஷன் 2023 மே 1 முதல்தான். அதற்கு முந்தைய நிலுவை கிடையாது என 2025 பிப்ரவரி 20-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குப் போட்டு இறுதித் தீர்ப்புப் பெற்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பே செல்லும். 2013-ல் ஓய்வு பெற்று, கோர்ட் படி ஏறாமல் இருந்தவருக்குக் கிட்டத்தட்ட 10 ஆண்டு வித்தியாசம் போனது போனதுதான். பொறுமையாக இருந்தவருக்கு நஷ்டம் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

இன்னொரு கத்தரிப்பும் உண்டு. மத்திய அரசின் 2024 அக்டோபர் 14 உத்தரவுப்படி, இந்த உயர்வு மாத பென்ஷனுக்கு மட்டுமே. பணிக்கொடை, கம்யூடேஷன் போன்ற மற்ற பலன்களுக்குப் பழைய சம்பளமே கணக்கு.

ஜூன் 30 அல்லது டிசம்பர் 31-ல் ஓய்வு பெற்ற மத்திய அரசுப் பென்ஷன்தாரர் வீட்டில் இருந்தால், ஓய்வூதிய ஆணையை எடுத்து, கடைசிச் சம்பளத்தோடு ஒரு இன்கிரிமென்ட் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.