கர்னாக்கியின் நேர்மை

பேயை நம்பும் துப்பறிவாளர் பகுத்தறிவின் எதிரி, நம்பாதவர் அதன் காவலர் என்று பிரித்துவிடுவது எளிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியான ஆங்கில அமானுஷ்யக் கதைகளை ஊன்றிப் படித்தால் இந்தப் பிரிவினை நிலைக்காது.

1882இல் லண்டனில் உளவியல்சார் அமானுஷ்ய ஆய்வுக்கழகம் தோன்றியபின், பேய் என்பது சாட்சியங்களோடு விசாரிக்கத்தக்க பொருளாயிற்று. அச்சூழலில் உருவானவர்களே அமானுஷ்யத் துப்பறிவாளர்கள். ஆல்ஜர்னன் பிளாக்வுட் 1908இல் படைத்த மருத்துவர் ஜான் சைலன்ஸ், ஆவியுலகின் உண்மையில் ஐயமே அற்றவர். வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் 1910இல் 'தி ஐட்லர்' இதழில் அறிமுகப்படுத்திய தாமஸ் கர்னாக்கியோ வேறு வகை.

கர்னாக்கி கதவுகளுக்கு அரக்கு முத்திரை இடுகிறார், ஒளிப்படம் எடுக்கிறார், பழஞ்சுவடி கூறும் காப்பு வட்டத்தோடு, மின்சாரத்தால் ஒளிரும் வெற்றிடக் குழாய்களாலான ஐங்கோணத்தையும் அமைக்கிறார். இத்தனைக்கும் பின் கிடைக்கும் விடை ஒவ்வொரு கதையிலும் மாறுகிறது. 'தி விசிலிங் ரூம்' கதையில் பேய் மெய். 'தி ஹவுஸ் அமங் தி லாரல்ஸ்' கதையில் அது மனிதரின் சூழ்ச்சி. 'தி ஹார்ஸ் ஆஃப் தி இன்விசிபிள்' கதையிலோ சூழ்ச்சியும் அமானுஷ்யமும் ஒன்றாகவே கலந்து நிற்கின்றன. கடைசிப் பக்கம்வரை தீர்ப்பு எப்பக்கம் சாயும் என்பது வாசகருக்குத் தெரிவதில்லை.

ஷெர்லாக் ஹோம்ஸ் இதற்கு நேர்மாறு. 1924இல் வெளியான 'சசெக்ஸ் வாம்பயர்' கதையில், விசாரணை தொடங்குமுன்பே பேய்களுக்கு அவர் வாயிலை அடைத்துவிடுகிறார். அவர் முடிவு சரியானதே; எனினும் அது சோதனையால் எட்டப்பட்டதன்று. அவரைப் படைத்த கோனன் டாயிலோ, காட்டிங்லி சிறுமியர் எடுத்த தேவதைப் படங்களை மெய்யென்று 1920இல் 'ஸ்ட்ராண்ட்' இதழில் எழுதினார். அவற்றுள் பெரும்பாலானவை அட்டையில் வெட்டிய உருவங்கள் என்று அவ்விருவரும் ஒப்புக்கொள்ள 1983 வரை ஆயிற்று. நம்பாத ஹோம்ஸும் நம்பிய டாயிலும் ஒரே பிழையையே செய்தனர்: விடையை முதலில் வைத்துக்கொண்டு கேள்வியைப் பின்னர் கேட்டனர்.

கர்னாக்கியின் கருவிகள் கற்பனை. அவர் கண்ட பேய்களும் கற்பனையே. ஆனால் எந்த விடை வந்தாலும் ஏற்கும் ஆயத்தத்துடன் இருட்டறையில் அமர்ந்திருக்கும் அந்தப் பொறுமை கற்பனையன்று. ஆய்வு என்று பெயர்பெறும் எதற்கும் அது முதல் தகுதி. மலிவான பேய்க்கதை என்று ஒதுக்கப்பட்ட இக்கதைகள் மீண்டும் வாசிக்கப்படுவதற்கு அந்த ஒரு காரணமே போதும்.