பீரோவுக்குப் பூட்டு எதுக்கு?



சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்க மாமா செவிலிமேட்டுக்கே திரும்பி வந்துட்டாரு. கூடவே ஒன்பது பெட்டி புத்தகம்! உயரவாரியாக அடுக்கி, கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினால்தான் அழகு என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். லண்டன் போய் நூலகக் கலை படித்துவிட்டு 1925-ல் திரும்பினார். ஒரே பொருள் பற்றிய புத்தகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, தானே ஒரு முறை கண்டுபிடித்தார். 1933-ல் அது ‘கோலன் பகுப்பு முறை’ என்று வெளியானது. வாசகர்களே அலமாரியில் தேடி எடுக்கவும் வழி செய்தார். புத்தகம் பயன்படுவதற்கே என்பதுதான் அவரது முதல் விதி.

நம்ம ஊர் தறி வீட்டில் பட்டு நூலைக் கலர் கலராகப் பிரித்துத்தானே வைக்கிறார்கள்? தேடினால் உடனே கிடைக்கணும், அதான். புத்தகமும் அப்படியே. கதைக்கு ஒரு தட்டு, அறிவியலுக்கு ஒரு தட்டு. சின்னப் பிள்ளைகள் புத்தகம் கீழ்த்தட்டில், அவங்க கைக்கு எட்டும்படி. யார் எடுத்தார்கள் என்று எழுத ஒரு 40 பக்க நோட்டு போதும்.

“இரவல் கொடுத்தால் காணாமல் போகுமே?” ஒன்றிரண்டு போகலாம். ஆனால் பூட்டி வைத்தால், எங்க தெருப் பிள்ளைகளுக்கு ஒன்பது பெட்டியுமே காணாமல் போன மாதிரிதானே!

இது என் கருத்து. உங்க கருத்தையும் எழுதிக் கொடுங்க!

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி