நீமோ நம்மவர்தாமா?

மறைந்து நடமாடும் ஒரு பாத்திரம் இன்னாரென்று, ஆசிரியர் வாய் திறக்குமுன்பே கண்டுபிடித்துவிட வேண்டும் என்னும் ஆவல் கதை படிப்போர்க்கெல்லாம் உண்டு. அத்தகைய ஊகத்துக்கு விஞ்ஞானக் கதைகளில் பேர்போன உதாரணம் காப்டன் நீமோ ஆவார். அவரிடம் நமக்குத் தனிப்பட்ட அக்கறை இருப்பதற்கும் காரணம் உண்டு.

பிரெஞ்சு ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன் 1869-70-ல் வெளியிட்ட கடலடிப் பயணக் கதையில் நீமோ முதலில் தோன்றுகிறார். நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர், மகா மேதாவி, கோபமும் கருணையும் ஒருங்கே கொண்டவர். நீமோ என்ற லத்தீன் சொல்லுக்கு 'ஒருவருமில்லை' என்பது பொருள். ஊரும் குலமும் தெரியாமலே கதை முடிந்துவிடுகிறது. 1875-ல் நிறைவெய்திய 'மர்மத் தீவு' என்னும் நாவலிலேதான் திரை விலகுகிறது: அவர் பந்தேல்கண்டு ராஜகுமாரர் டக்கார், திப்பு சுல்தானின் நெருங்கிய உறவினர், 1857-ம் ஆண்டுப் போரில் பெற்றோரையும் மனைவி மக்களையும் பறிகொடுத்தவர்.

இது முன்னரே தீர்மானித்த முடிவா, பின்னர் ஒட்டவைத்ததா? வாசகர்கள் இன்றளவும் வாதாடுகிறார்கள். இரு கட்சிக்கும் சான்றுகள் உள்ளன.

முதற் கதையில், மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிக்கும் ஏழை இந்தியன் ஒருவனைச் சுறாமீன் தாக்குகிறது. நீமோ கத்தியுடன் அதன்மேல் பாய்கிறார். அவனைக் காப்பாற்றியபின் ஒரு பை முத்தையும் கொடுக்கிறார். அவன் ஒடுக்கப்பட்டோர் நாட்டைச் சேர்ந்தவன், தாமும் அந்நாட்டவரே என்ற கருத்துப்படப் பிறகு பேசுகிறார். அவர் அறையில் ஒரு மாதும் இரண்டு குழந்தைகளும் உள்ள படம் இருக்கிறது. இவையெல்லாம் டக்காருக்குப் பொருந்துகின்றன.

ஆனால் அவர் அறையில் மாட்டியிருக்கும் வீரர்களின் படங்களைப் பாருங்கள்! வாஷிங்டன், லிங்கன், ஜான் பிரௌன், அயர்லாந்தின் ஓகானல், போலந்தின் கோஸ்யுஸ்கோ இருக்கிறார்கள். இந்தியர் ஒருவரேனும் இல்லை. காலக் கணக்கும் இடிக்கிறது. முதற் கதைப் பயணம் 1867-68-ல் நிகழ்கிறது. மர்மத் தீவிலோ, 1865 முதலே நீமோ குகையில் ஒளிந்திருந்து பிறருக்கு உதவுகிறார். ஒரே மனிதர் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் எப்படி இருப்பார்?

வெர்னின் கடிதங்கள் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. முதலில் அவர் கருதியது ருஷ்ய ஆட்சியால் குடும்பத்தை இழந்த போலந்துப் பிரபு ஒருவரையே. பிரசுரகர்த்தர் ஹெட்ஸல் அதற்கு இணங்கவில்லை. அடிமை வியாபாரிகளைப் பழிவாங்குபவராக ஆக்கலாம் என்றார். வெர்ன் அதற்கு இசையவில்லை. ஆகவே நீமோ நாடற்றவராகவே நின்றார்.

அப்படியானால் நீமோ நம்மவர் அல்லர் என்று விட்டுவிடலாமா? இங்கே கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. பெயரற்று இருந்தவரை, நீமோவின் கோபத்தை முன்னேற்றத்துக்கு விரோதம் என்று தீர்க்கும் நீதிபதி கதையில் எவருமில்லை. அவருடன் பயணம் செய்த பேராசிரியர் ஆரோனக்ஸ், எவ்வளவு துன்பப்பட்டிருந்தாலும் அப்படித் தண்டிக்க அவருக்கு உரிமையில்லை என்று மட்டுமே கருதினார். இந்தியர் என்று பெயர் சூட்டிய பிறகோ, அவருடைய மரணப் படுக்கையின் அருகே நின்று எஞ்சினீயர் ஸைரஸ் ஸ்மித் தீர்ப்பு வழங்குகிறார்: தவிர்க்க முடியாத முன்னேற்றத்தை எதிர்த்தது நீமோவின் பிழையாம்! தம் நாட்டை அடக்கியவரை எதிர்த்துப் போராடியது முன்னேற்றத்துக்கு விரோதம் என்றால், அந்த முன்னேற்றம் யாருடையது? ராஜகுமாரப் பட்டத்தைக் கொடுத்த கையே கண்டனத்தையும் கூடவே கொடுத்துவிட்டது.

ஆதலால், 1875-ல் கிடைத்த வம்சாவளியைக் காட்டி நீமோவுக்கு உரிமை கொண்டாட வேண்டியதில்லை என்பது நம் அபிப்பிராயம். பெயர் தெரியாத ஒரு மனிதர், பெயர் தெரியாத முத்துக் குளிப்பவன் ஒருவனுக்காக மன்னார்க் கடலில் சுறாவின் வாய்க்கு எதிரே நின்றாரே, அந்த உறவு போதும். அது போலந்துக்காரருக்கும் உரியது, நமக்கும் உரியது.