சிவப்புக் கல்லும் 24 தவணையும்

 

2008-இல் ஆர்மின் ஹைன்ரிக் என்ற ஜெர்மானியர் ஐபோனுக்கு ஒரு செயலி விட்டார். பெயர் ‘ஐ ஆம் ரிச்’, அதாவது ‘நான் பணக்காரன்’. விலை 999.99 டாலர். அன்றைய மதிப்பில் 40,000 ரூபாய்க்கு மேல். திறந்தால் ஒரு சிவப்புக் கல் மின்னும். ஒரு பொத்தானை அழுத்தினால், நான் பணக்காரன், இதற்குத் தகுதியானவன் என்ற பொருளில் சில வரிகள் வரும். அவ்வளவுதான். அதிலும் ‘டிசர்வ்’ என்ற சொல்லில் கடைசி ‘ஈ’ இல்லை. அந்த விலைக்கு எழுத்துப்பிழை வேறு! ஆப்பிள் நிறுவனம் சீக்கிரமே அதைத் தூக்கிவிட்டது. அதற்குள் 8 பேர் வாங்கியிருந்தார்கள்.

வெளிநாட்டுக்காரன் கிறுக்கு என்று சிரிக்காதீர்கள். போன மாதம் திண்டிவனத்தில் என் பழைய மாணவன் வீட்டுக்குப் போயிருந்தேன். காபிக்கு முன்னால் டேப் வந்தது. ஆறாவது படிக்கும் மகனுக்குக் கற்றல் செயலியாம், 48,000 ரூபாய். “எங்க தெருவுலயே இவன் ஒருத்தன்தான் சார் இதுல படிக்கிறான்” என்றான். எப்படிப் படிக்கிறான் என்று சொல்லவில்லை.

பையனிடம் 502-இல் 178 போக எவ்வளவு என்று கேட்டேன். 476 என்று எழுதினான். கடன் வாங்கத் தெரியாமல், ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் பிடிபடும் தவறு. தெருமுனையில் மாதம் 300 ரூபாய்க்கு டியூஷன் எடுத்த டீச்சர் பிடித்திருப்பார். தவணை கட்ட அதைத்தான் முதலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

விற்க வந்தவர், பையனிடம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கைக் கேட்டிருக்கிறார். அவன் திருதிருவென விழித்ததும், “பிள்ளைக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா?” என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். மாதம் 2,000, 24 தவணை. நிதி நிறுவனக் கடன் என்பதால் செயலியை நிறுத்தினாலும் தவணை நிற்காது. அந்தச் சிவப்புக் கல்லையாவது, இதில் மறைந்த பயன் ஒன்றும் இல்லை என்று எழுதி வைத்துத்தான் விற்றார்கள். இங்கே பிள்ளையின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள்.

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் தொடங்கியதே நம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான். அரசின் மணற்கேணி செயலிக்குக் காசு கிடையாது. பாடநூலிலேயே கியூஆர் குறியீடு இருக்கிறது. சொன்னேன். “அது கவர்மென்ட்டுது சார்” என்று முகத்தைச் சுளித்தான். அரசுப் பள்ளியில் என்னிடம் படித்தவன்!

அவனை மட்டும் சொல்வானேன்? அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கிய நானே என் மகனை விழுப்புரத்தில் மெட்ரிகுலேஷன் பள்ளியில்தான் சேர்த்தேன். பக்கத்து வீட்டு வாத்தியார் சேர்த்திருந்தார். வேறு காரணம் இல்லை.

சனிக்கிழமைகளில் பையனை விழுப்புரத்துக்கு அழைத்து வா, கழித்தலை நான் சரிசெய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கட்டணம் இல்லை. அதனாலேயே வரமாட்டானோ என்று தோன்றுகிறது. மூன்று சனிக்கிழமை போய்விட்டது.