மாட்டை விற்று பழைய புல்லட் வாங்கலாமா?

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருபவை புகையான், குலைநோய், யூரியா அளவு பற்றிய கடிதங்கள்தான். இந்த முறை பழைய மோட்டார் சைக்கிள் பற்றி மூன்று கடிதங்கள் வந்துள்ளன. நிலம், மாடு இரண்டுக்கும் அடுத்தபடியாக நம் வீடுகளில் பெரிய தொகை போட்டு வாங்குவது வண்டிதான். வயல் ஆய்வுக்காகப் பல ஆண்டுகளாக இரு சக்கர வண்டியிலேயே சுற்றுபவன் என்ற முறையில் இவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

'எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் உள்ளன. மகனுக்கு 24 வயது. 100 சிசி வண்டியில் சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போய் வருகிறான். நண்பர்களோடு கன்னியாகுமரி, மாஹே என்று தூரப் பயணம் போக, பழைய கிளாசிக் 350 புல்லட் வாங்க வேண்டும் என்கிறான். 2018-ஆம் ஆண்டு வண்டிக்கு 1,15,000 ரூபாய் கேட்கிறார்கள். மாதம் 5,000 வீதம் 14 மாதமாகச் சேர்த்த 70,000 அவனிடம் இருக்கிறது. மீதிக்கு ஒரு மாட்டை விற்கலாம் என்கிறான். தீவனச் செலவு போக அந்த மாட்டில் மாதம் 4,500 நிற்கிறது. என்ன செய்வது?'
- வாசகி, பாகூர்.

சகோதரி, முதலில் மாட்டுக் கணக்கைப் பார்ப்போம். மாட்டை விற்றால் 45,000 ரூபாய் ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். ஒரு ஈத்துக்குச் சுமார் 300 நாள் கறவை. மாதம் 4,500 நின்றால், அந்த ஒரு ஈத்திலேயே 45,000 வந்துவிடும். மாடும் கன்றும் அதற்கு மேல் உங்களுக்கு மிச்சம். இன்னொன்றும் உண்டு. இரண்டு மாடு வைத்திருப்பதே, ஒன்று கறவை வற்றி நிற்கும்போது மற்றது கறக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஒன்றை விற்றால், அடுத்தது வற்றும் மாதங்களில் வீட்டில் பால் வருமானமே இருக்காது. எனவே மாட்டை விற்க வேண்டாம்.

அதற்காக மகனின் ஆசையைத் தவறு என்று சொல்ல மாட்டேன். 14 மாதம் விடாமல் பணம் சேர்த்த பிள்ளை பொறுப்பான பிள்ளைதான். அவனுக்கு இனிச் சொல்வதை நேரடியாகவே சொல்கிறேன்.

தம்பி, 1,15,000 என்பது வண்டியின் விலை மட்டுமே. பெயர் மாற்றம், காப்பீடு, டயர், செயின், பேட்டரி, முழு சர்வீஸ் என்று மேலும் 20,000 ரூபாயாவது கையில் இருக்க வேண்டும். ஆக உனக்குக் குறைவது 65,000. இப்போது சேர்ப்பது போலவே சேர்த்தால் 13 மாதம். அதற்குள் அந்த 2018 வண்டி போய்விடுமே என்று கவலைப்படாதே. சென்னையிலேயே தயாராகி, ஊருக்கு ஊர் ஓடும் வண்டி அது. வேறு வண்டி வரும். இன்னும் ஓராண்டு பழையது என்பதால் விலையும் சற்று இறங்கியிருக்கும்.

வாங்கினாலும் இப்போதுள்ள 100 சிசி வண்டியை விற்றுவிடாதே. வேலைக்குப் போய்வர நாளொன்றுக்கு 60 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 1,500 கி.மீ. லிட்டருக்கு 60 கி.மீ. தரும் வண்டிக்கு 25 லிட்டர் போதும். 33 கி.மீ. தரும் புல்லட்டுக்கு 45 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 2,000 ரூபாய் கூடுதல். புல்லட் பயணத்துக்கு மட்டும் இருக்கட்டும்.

*எந்த ஆண்டு வண்டி?*

புல்லட் நம் மண்ணுக்குப் பழைய சொந்தம். எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 800 வண்டிகள் கேட்டதைத் தொடர்ந்து, 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இன்று சந்தையில் கிடைக்கும் பழைய வண்டிகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, 2010 வாக்கு வரை வந்த வார்ப்பிரும்பு என்ஜின் வண்டிகள். இவற்றில் பழையவற்றுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கும். சத்தம் அழகுதான். ஆனால் ஆயில் கசிவும் அடிக்கடி சரிசெய்யும் வேலையும் உண்டு. கைவசம் நல்ல மெக்கானிக் உள்ளவருக்கே இது ஏற்றது.

இரண்டாம் வகை, அதன் பிறகு வந்த, என்ஜினும் கியர் பெட்டியும் ஒன்றாக அமைந்த 346 சிசி வண்டிகள். 2009 இறுதியில் வந்த கிளாசிக் 350 இந்த வகை. செல்ஃப் ஸ்டார்ட்டும் உண்டு, கிக்கரும் உண்டு. வழியில் பேட்டரி இறங்கினாலும் உதைத்துக் கிளப்பலாம். 2020-க்கு முந்தையவை கார்புரேட்டர் வண்டிகள் என்பதால் சிறு ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். சிறு விவசாயி வீட்டுக்கு இந்த வகையே பொருந்தும்.

மூன்றாம் வகை, 2021 செப்டம்பரில் கிளாசிக் 350-க்கு வந்த புதிய 349 சிசி என்ஜின். அதிர்வு குறைவு, ஓட்டம் சுகம். கிக்கர் கிடையாது, விலையும் கூடுதல்.

இரண்டாம் வகையில், இரு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும் ஏ.பி.எஸ். வசதியும் உள்ள வண்டி கிடைத்தால் அதையே எடு. 125 சிசி-க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயம். ஈரச் சாலையில் திடீர் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காப்பது அதுதான். வண்டியின் எடை 190 கிலோவை ஒட்டி வரும். நான்கு யூரியா மூட்டையைவிடக் கனம். சறுக்கினால் பிடித்து நிறுத்த முடியாது.

பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளையும் சிலர் காட்டுவார்கள். மைசூர் ஆலை 1996-லேயே மூடப்பட்டது. இரு-ஸ்ட்ரோக் வண்டி என்பதால் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். சேர்த்து வைத்து ரசிப்பவருக்கு நல்லது. தூரப் பயணத்துக்கு வேண்டாம்.

*பார்க்கும் முறை*

மாடு வாங்கப் போனால் காலையும் மாலையும் நம் கண் முன்னே கறக்கச் சொல்லித்தானே விலை பேசுவோம்? வண்டிக்கும் அப்படித்தான். காலையில் போ. என்ஜினைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால், உனக்காக முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறிய என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதே முதல் சோதனை.

புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, பெரிய செலவு காத்திருக்கிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, பெரும்பாலும் சிறு வேலைதான். நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஒரேயடியாக ஆக்சிலேட்டரைத் திருகு. சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. முன் ஃபோர்க்கில் ஆயில் வழிகிறதா, கைப்பிடியை இருபுறமும் திருப்பும்போது நடுவில் தடங்குகிறதா, செயின் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கி போல் வளைந்துள்ளனவா என்று பார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரில் தூரப் பயணம் கூடாது.

நம் புதுச்சேரிக்கென்று மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, உப்புக்காற்று. டேங்கின் அடி, மட்கார்டின் உட்புறம், சைலன்சர், ஸ்போக்ஸ், சட்டத்தின் பற்றவைப்பு இணைப்புகள் எல்லாவற்றிலும் துரு தேடு. மேலே புதுப் பெயிண்ட் மினுக்கினால் அடியில் இன்னும் கவனமாகப் பார்.

இரண்டு, வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி நகரமே மிதந்தது. அன்று மூழ்கிய வண்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. சீட்டைக் கழற்றி அடியில் சேறு படிந்த கோடு தெரிகிறதா, ஒயர் இணைப்புகளில் பச்சைப் பாசி போலப் பூத்திருக்கிறதா என்று பார். என்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் இறங்கியிருக்கிறது. திரும்பி வந்துவிடு.

மூன்று, வாடகை வண்டி. சுற்றுலாப் பயணிகள் பிரெஞ்சு வீதிகளைச் சுற்ற எடுக்கும் வண்டிகள் நாளுக்கு ஒருவர் கையில் உழன்றவை. வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. பிறகு சொந்த வண்டியாக மாற்றி விற்றாலும், பழைய பதிவு விவரங்களைக் கேட்டால் தெரிந்துவிடும்.

*காகிதம்தான் உயிர்*

சட்டத்திலும் என்ஜினிலும் பொறித்த எண்களைப் பதிவுச் சான்றோடு ஒப்பிடு. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு முடியும் தேதி, காப்பீடு, கடன் இருக்கிறதா என்பது தெரியும். கடன் முடிந்தும் நீக்காமல் இருந்தால், நிதி நிறுவனம் கையெழுத்திட்ட படிவம் 35 வாங்காமல் பணம் தராதே. பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். பி.ஒய். 01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். கடலூரின் டி.என். 31 வண்டி என்றால் அது வேறு மாநிலம். படிவம் 28-இல் தடையின்மைச் சான்று பெற வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். பாகூருக்கும் கடலூருக்கும் இடையே சில கிலோமீட்டர்தான் என்பதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். விலை பேசும்போதே இதையும் கணக்கில் சேர்.

அம்மா பெயரிலோ, விற்றவர் பெயரிலோ வண்டியை விட்டுவைக்காதே. உரிமையாளர் - ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, பதிவுச் சான்றிலும் பாலிசியிலும் பெயர் உள்ள, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் உள்ள உரிமையாளருக்கே கிடைக்கும். வண்டி வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிப் பெயரை மாற்று. உனக்கு ஏதாவது ஆனால், உன் வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய தொகை ஒரு கையெழுத்துக் குறைவால் போய்விடக் கூடாது.

*பயணம்*

வாங்கியதும் மாஹேவுக்கு ஓடாதே. அது 600 கி.மீ.க்கு மேல். முதலில் சுமார் 130 கி.மீ. தூரத்துக் காரைக்கால் போய், மறுநாள் திரும்பி வா. அந்தப் பயணத்திலேயே கசிவு, சூடு, அதிர்வு எல்லாம் தெரிந்துவிடும். கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிளக், டியூப், ஃபியூஸ் கையில் இருக்கட்டும். ஏறத்தாழ 500 கி.மீ.க்கு ஒரு முறை செயினுக்கு ஆயில். 13.5 லிட்டர் டேங்க் 400 கி.மீ. தாண்டும் என்றாலும் 300-லேயே நிரப்பிக்கொள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்பும் மக்காச்சோளமும் போடும் நமக்கு அது நல்ல செய்தி. ஆனால் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களை அது கெடுக்கலாம். வாங்கியவுடன் பெட்ரோல் குழாயை மாற்று. பெட்ரோலோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதே.

இரவில் ஓட்டாதே. அறுவடைக் காலத்தில் நம் ஆட்களே சாலையில் நெல்லைக் காயவைத்து ஓரத்தில் கல் வைப்பது உனக்குத் தெரியாததல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரைத் தலைக்கவசம் இல்லாமல் தெருமுனை வரைகூடப் போகாதே.

'பழைய புல்லட்டை மூன்று ஆண்டுக்கு முன் விற்றேன். வாங்கியவர் இன்னும் பெயர் மாற்றவில்லை. எனக்கு ஏதாவது சிக்கல் வருமா?'
- வாசகர், திருக்கனூர்.

வரும். பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வண்டி காப்பீடு இல்லாமல் ஒருவரை இடித்தால், இழப்பீட்டு வழக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். தொகை லட்சங்களில் இருக்கும். கட்டாவிட்டால் உங்கள் சொத்து ஜப்திக்கு வரலாம். வாங்கியவரை அழைத்துக்கொண்டு உடனே போக்குவரத்து அலுவலகம் போய்ப் பெயர் மாற்றத்தை முடியுங்கள். அவர் வர மறுத்தால், விற்றதற்கான எழுத்து ஆதாரத்துடன் அந்த அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இனி எந்த வண்டி விற்றாலும் 14 நாட்களுக்குள் படிவம் 29 கொடுத்துவிடுங்கள்.

'டீசல் புல்லட் ஒன்று விலைக்கு வருகிறது. மைலேஜ் அதிகம் என்கிறார்கள். தூரப் பயணத்துக்கு வாங்கலாமா?'
- வாசகர், நெட்டப்பாக்கம்.

டாரஸ் என்ற பெயரில் என்ஃபீல்டு நிறுவனமே 325 சிசி டீசல் வண்டி விற்றது உண்மை. லிட்டருக்கு 70 கி.மீ. வரை ஓடியதால் விவசாயிகளிடம் அதற்கு நல்ல பெயர். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் 2000 வாக்கில் அது நின்றுபோனது. ஆகவே இன்று கிடைப்பது எதுவானாலும் 25 வயது தொட்ட வண்டிதான். வேகமும் குறைவு, உதிரிபாகமும் அரிது. பம்புசெட் என்ஜினைப் பொருத்தி டீசல் புல்லட் என்று விற்பவர்களும் உண்டு. பதிவுச் சான்றில் எரிபொருள் 'டீசல்' என்று இல்லாவிட்டால், அது சட்டப்படி ஓட்டக்கூடிய வண்டியே அல்ல. மைலேஜ்தான் நோக்கம் என்றால், நல்ல நிலையில் உள்ள 100 சிசி வண்டியே உங்களுக்குப் போதும்.

அடுத்த இதழில் சம்பா நாற்றங்கால் பற்றிய கடிதங்களுக்குப் பதில் தருகிறேன். எழுதும்போது நெல் ரகம், விதைத்த தேதி, பாசன வசதி மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.