ஒருத்தரும் வரேல்லையோ?

"பின்னால ஒருத்தரும் வரேல்லை எண்டு நினைச்சன். அதாலதான் சிக்னல் போடேல்லை."

பொலிஸ் நிலையத்து வாங்கில் இருந்துகொண்டு அந்தப் பொடியன் இதைத்தான் சொன்னான். எதிர் வாங்கில் நான் இருந்தேன். எனக்கு அழக்கூட வரவில்லை. ஒருத்தரும் வரவில்லையா? அப்போ என் மனுசன் ஆர்? முத்திரைச்சந்தி தாண்டி, பருத்தித்துறை வீதியின் இடதுகரையில், கானோடு ஒட்டிச் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தவர் ஆர்? நீ அவரை முந்திக்கொண்டுதானே போனாய்? முந்தின கையோடு இடப்பக்கத்து ஒழுங்கைக்குள் வானைத் திருப்பினாயே, அதற்குள் அவர் எங்கே மறைந்துபோயிருப்பார் என்று நினைத்தாய்?

வானின் பக்கவாட்டில் மோதி, பின்சில்லுக்குள் விழுந்தார். சந்தைப் பை கிழிந்து கத்தரிக்காயெல்லாம் றோட்டில் உருண்டதாம். ஆரோ அதைப் பொறுக்கி, தூசி தட்டி, என் கையில் கொண்டுவந்து தந்தார்கள். காய் வீட்டுக்கு வந்தது. ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய் அன்றிரவே முடிந்துவிட்டார்.

எப்படிப்பட்ட மனுசன் தெரியுமா? 1995 ஒக்டோபர் 30, வலிகாமமே எழும்பி நடந்த அந்த மழை இரவில், கிழவி அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சனத்துக்குள் உருட்டி உருட்டி நாவற்குழிப் பாலம் கடந்தவர். கண்டி வீதி நிரம்ப சனம். ஒரு அடி எடுத்து வைக்க எத்தனை நேரம்! அந்த நெரிசலிலும் ஆளை ஆள் இடித்துத் தள்ளாமல்தானே போனோம்? முன்னுக்குப் போனவர் நின்றால் "நிக்கிறன், நிக்கிறன்" என்று பின்னால் குரல் கொடுத்தாரே? உயிர் போகிற நேரத்தில் இருந்த அந்த நினைப்பு, காப்பெற் போட்ட றோட்டில் ஏசி வானுக்குள் இருக்கும்போது எங்கே போயிற்று?

பொருளாதாரத் தடைக் காலத்தை ஆரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் ஓ.எல். படித்தார்கள். ரேடியோவுக்கு பற்றறி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றினோம். வெளிச்சத்துக்காக அவ்வளவு பாடுபட்ட ஊர் இது. இன்றைக்கு ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவே தேவையில்லை. ஒரு விரலால் தட்டினால் போதும், மஞ்சள் லைட் பத்தும். காசா கேட்கிறது? பெற்றோலா குடிக்கிறது? அந்த ஒரு விரலை அசைக்க உங்களுக்கு என்ன வருத்தம்?

என் மனுசனிடம் அந்த லைட் இல்லை. கைதான் இருந்தது. திரும்ப முதல் ஒருக்கால் பின்னால் பார்த்து, கையை நேராக நீட்டி, பிறகுதான் திருப்புவார். நாயும் நடமாடாத மத்தியானத்திலும் எங்கள் ஒழுங்கை முகப்பில் கை நீளும். "ஆருக்கப்பா காட்டுறியள்?" என்று கேட்டிருக்கிறேன். "ஆர் வருகினம் எண்டு எனக்கென்ன தெரியும்?" என்பார். இவ்வளவுதானே விசயம்? கண்ணாடியில் தெரிகிறவனுக்காக மட்டும் போடுகிறதென்றால், தெரியாதவனின் உயிர் ஆர் கணக்கு? கண்ணாடியில் விழாத மூலை ஒன்று எல்லா வாகனத்திலும் இருக்கிறது. சைக்கிள்காரன் அந்த மூலைக்குள்தான் வருவான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை அந்த மூலைக்குள்தான் நடக்கும். ஆள் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கிற உரிமையை உங்களுக்கு ஆர் தந்தது?

இது புதுச் சட்டமும் இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தோடு வந்தது. திரும்ப முதல் சைகை காட்டு என்று லைசென்ஸ் எடுக்கப் போன அன்றே படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு ஓடிக் காட்டிய நாளில் எல்லோரும் போட்டீர்கள்தானே? பக்கத்தில் பரிசோதகர் இருந்ததால் போட்டீர்கள். லண்டனில், ரொறன்ரோவில் சிக்னல் இல்லாமல் ஒரு சந்தி திரும்பாத எங்கள் பிள்ளைகள், திருவிழாவுக்கு வந்து வாடகை வாகனம் எடுத்தால் அதே விரல் ஏன் மரத்துப்போகிறது? இங்கே அடிபடுகிறவன் ஆளில்லையா? இந்த நாட்டில் ஆண்டுக்கு 2000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். என் மனுசனும் அதற்குள் ஒரு இலக்கம்.

நல்லூரான் கோயிலில் பூசை நேரம் பிசகாது. 25 நாள் திருவிழாவிலும் வீதியை அடைத்தால் வாகனத்தை வெளியே விட்டு, செருப்பைக் கழற்றி, சொன்ன பக்கத்தால் போய்ச் சொன்ன பக்கத்தால் வருகிறோம். ஒழுங்கு தெரியாத சனமா நாங்கள்? அடைப்புக்கு வெளியே காலெடுத்து வைத்ததும் அந்த ஒழுங்கு என்னவாகிறது? அந்த நாட்களில் பெருவீதி வாகனமெல்லாம் ஒழுங்கைகளுக்குள்தானே புகுந்து புறப்படுகிறது? சிக்னல் வேண்டியதே அங்கேதான்.

அந்தப் பொடியனில் மட்டும் எனக்குக் கோபம் என்றால் பொய். எட்டுச் செலவு முடிய முதலே அவன் பக்கத்துப் பெரியவர்கள் வந்து வாசலில் நின்றார்கள். "அக்கா, பொடியனுக்கு வெளிநாடு சரிவந்திட்டுது. வழக்கெண்டு போனால் அவன்ர வாழ்க்கை போயிடும். ஒரு தொகை பேசி முடிப்பம்." செத்தவரின் வாழ்க்கை? என் சொந்தத் தம்பியே "விதி அக்கா, ஆர் என்ன செய்யிறது" என்றான். எது விதி? ஷெல்லுக்குத் தப்பியவரை வான் சில்லுக்குள் தள்ளியது விதியா? போடாத லைட்டுக்கு விதி என்று பேர் வைத்தால், போடாதவனுக்கு நித்திரை வரும். எனக்கு வருமா?

இதைவிட நெஞ்சு வெந்தது இன்னொன்றுக்கு. செத்தவீட்டில் என் கையைப் பிடித்து, "சிக்னல் போடேல்லை அக்கா, என்ர கண்ணால பாத்தனான்" என்று சொன்ன ஒருவர் இருக்கிறார். சந்தியில் கடை வைத்திருப்பவர். வாக்குமூலம் என்று பொலிஸ் கேட்டபோது, "நான் சாமான் கட்டிக்கொண்டு நிண்டனான், கவனிக்கேல்லை" என்றார். அவர் கடைக்குத்தான் என் மனுசன் பால்மாவுக்குப் போவார். ஆருக்குப் பயந்தீர்கள், தம்பி? பகை வரும் என்றா? எனக்கும் உங்களுக்கும் இடையில் இப்போது என்ன இருக்கிறது?

காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை சிறைக்குப் போகவேண்டும் என்றும் நான் நேர்த்தி வைக்கவில்லை. நீதவான் முன்னால் நின்று, "ஆள் வந்தது, நான் முந்தினேன், சிக்னல் போடாமல் திரும்பினேன்" என்று அவன் வாயால் சொல்லவேண்டும். அதைக் கேட்காமல் நான் ஓயமாட்டேன்.

வாகனம் ஓடுகிற ஐயாமாரே, தம்பிமாரே, பிள்ளைகளே, வெறும் றோட்டு என்றாலும் போடுங்கள். இரவென்றாலும், உங்கள் வீட்டு ஒழுங்கை என்றாலும் போடுங்கள். கடைக்காரத் தம்பி, வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த தவணைக்கு வாருங்கள். எனக்காகப் பேச வேண்டாம். கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள்.