புகைக்கூண்டுக்கு டைல்ஸ் எதுக்குங்க?

ஈரோட்டுப் பக்கம் யாராவது பழைய வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பித்தால் முதல் அடி அடுப்படி மேல் தான் விழும். விறகடுப்பும், அதன் மேல் செங்கல்லில் கட்டி ஓட்டைத் தாண்டிப் போகும் புகைக்கூண்டும் "பழசா, அசிங்கமா இருக்கு" என்று ஒரே வரியில் தீர்ப்பாகிவிடும். இடிக்க மனசு வராதவர்கள் எனாமல் பெயிண்ட் அடிப்பார்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் ஒட்டுவார்கள்.

கொடுமை அதில்லை. அதே வீட்டு ஹாலில் டிவிக்குப் பின்னால் பார்த்தால் செங்கல் மாதிரியே அச்சடித்த வால்பேப்பர் இருக்கும்! நிஜச் செங்கல்லை மூடவும் காசு, பொய்ச் செங்கல்லை ஒட்டவும் காசு.

இதே குடும்பம் மே மாதம் வெயில் தாங்காமல் ஊட்டிக்குப் போகும். அங்கே ஏதாவது பழைய வெள்ளைக்காரன் பங்களாவில் கணப்பு அடுப்பு முன்னாடி வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். அந்தக் கணப்பு மட்டும் வானத்தில் இருந்து குதித்ததா? அதுவும் செங்கல், அதுவும் கரி, அதுக்கும் ஒரு புகைக்கூண்டு. (1868 வரை நீலகிரியும், 1979 வரை ஈரோடும் ஒரே கோயமுத்தூர் ஜில்லா தான், உபரித் தகவல் :-) ) குளிர் காயக் கட்டினால் பாரம்பரியம், சோறாக்கக் கட்டினால் அசிங்கமா?

உடனே "அம்மிச்சியை மறுபடி விறகு ஊதச் சொல்றீங்களா?" என்று சண்டைக்கு வர வேண்டாம். வீட்டுக்குள் மண்டும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. காஸ் அடுப்பு வந்தது பெண்களுக்குக் கிடைத்த விடுதலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் புகையை வெளியே தள்ள இருந்த ஒரே ஏற்பாட்டை ஏன் குற்றவாளி ஆக்க வேண்டும்?

சரி, அழகுக்கே வருவோம். பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உறிஞ்சும், திரும்ப வெளியே விடும். மேலே பெயிண்டையோ டைல்ஸையோ வைத்து அடைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். கொஞ்ச நாளில் உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்பளித்து உரியும். கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஊறின செங்கல் மேல் நேராக வெள்ளை அடித்தால் மஞ்சள் கறை கசிந்து வந்து பல்லிளிக்கும். விரிசலை சிமெண்ட் வைத்து அடைப்பது இன்னும் மோசம். சிமெண்ட் கெட்டி, பழைய செங்கல் மெத்து. கடைசியில் உடைவது செங்கல் தான். சரி, பிடிக்கவில்லை என்று பெயிண்டை மணல் பீய்ச்சி எடுக்கப் போனால் சூளையில் வெந்த மேல்தோலும் சேர்ந்து போய்விடும். ஒரு தடவை அடித்தால் அடித்தது தான், பழைய செங்கல் திரும்பக் கிடைக்காது.

நம்ம ஊரில் அடுப்படிக்குப் புது முகம் வருஷா வருஷம் கிடைத்துக்கொண்டு தான் இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்து, கீழே காவிப் பட்டை இழுத்தால் முடிந்தது. இப்பவும் அதே போதும். கரியைச் சுரண்டி, நாரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, விரிசலுக்குச் சுண்ணாம்புக் காரை வைத்துப் பூசலாம். செங்கல் நிறம் பிடித்தால் அப்படியே விடலாம், வெளிச்சம் வேண்டுமென்றால் சுண்ணாம்பு அடிக்கலாம். விட்டுப்போன கறை எட்டிப் பார்த்தால் அடுத்த பொங்கலுக்கு இன்னொரு பூச்சு. கூண்டின் வாயில் மழையும் அணிலும் இறங்காமல் ஒரு தகரத் தொப்பி. அடுப்பு இருந்த மேடையில் காஸ் அடுப்பை வைத்தால் தாளிக்கிற நெடி மேலே போய்விடும். அதை விட்டுவிட்டு கூண்டை அடைத்து, பக்கத்துச் சுவரில் ஓட்டை போட்டு, காசு கொடுத்து ஒரு 'சிம்னி' மாட்டுகிறார்கள் பாருங்கள்!

இவ்வளவுக்கு அப்புறமும் டைல்ஸ் தான் வேணுமுன்னா, தரைக்கு ஒட்டிக்கங்க.